வெளிநாட்டு ஏடிஎம்மில் எடுத்த பணத்துக்கு யார் யார் கட்டணம் பிடிக்கிறார்கள்?

இந்த முறை நீங்கள் போவதாக எழுதியிருப்பது மூன்று வாரப் பயணம், மூன்று நாடுகள். தாய்லாந்தில் பத்து நாள், யூரோ புழங்கும் நாடு ஒன்றில் ஒன்பது நாள், இடையில் இன்னொரு நாட்டில் இரண்டே நாள். போன முறை தேவைப்பட்டபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஏடிஎம்மில் எடுத்தீர்கள். ஊர் திரும்பி ஸ்டேட்மெண்டைப் பார்த்தால், எடுத்த தொகையோடு ஏழெட்டு சில்லறைப் பிடித்தங்களும் வரிசையாக நின்றன. 'கட்டணமே இல்லாத அட்டை எது?' என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உங்களை உறுத்துவது அட்டை அல்ல என்று நினைக்கிறேன். யார், எந்த இடத்தில், எதற்காகப் பிடித்தார்கள் என்பது கடைசி வரை தெரியாமல் போனதுதான் உறுத்துகிறது. முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன். அது தெளிவாகிவிட்டால் அட்டையைத் தேர்ந்தெடுப்பது சிறிய வேலை.

ஒரு வங்கியின் அட்டைப் பிரிவில் 14 ஆண்டுகள் வாடிக்கையாளர் புகார்களைக் கையாண்டவன் நான். வெளிநாட்டில் பணம் எடுத்தவர்களின் புகார்கள் விடுமுறைக் காலம் முடிந்ததும் கட்டுக்கட்டாக வரும். ஏறக்குறைய எல்லாமே ஒரே வரியில்தான் தொடங்கும்: 'நான் எடுத்தது இவ்வளவு, நீங்கள் பிடித்தது அவ்வளவு.' பிரித்துப் பார்த்தால் நான்கு கைகள் அந்தப் பணத்தைத் தொட்டிருக்கும். இயந்திரத்தின் சொந்தக்காரர் ஒன்று. உங்கள் வங்கி, 'வெளிநாட்டு இயந்திரத்தைப் பயன்படுத்தினீர்கள்' என்பதற்காக ஒன்று. அதே வங்கி, நாணயத்தை மாற்றியதற்காக மறுபடி ஒன்று. இந்த மூன்றும் சேர்ந்தாலும் சில சமயம் எட்டாத ஒரு தொகையை நான்காவது கை எடுக்கும். வேதனை என்னவென்றால், அந்த நான்காவதை மட்டும்தான் திரையில் மறுத்துவிட்டும் பணத்தை எடுக்க முடியும். ஆனால் பெரும்பாலானவர்கள் சம்மதித்துவிடுகிறார்கள்.

முதல் கையைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் அது ஸ்டேட்மெண்டில் தனி வரியாக வருவதில்லை. இயந்திரத்தின் சொந்தக்காரர் பிடிக்கும் கட்டணம், நீங்கள் எடுத்த தொகையோடு கூட்டப்பட்டு ஒரே தொகையாகத்தான் உங்கள் வங்கிக்கு வந்து சேரும். தாய்லாந்தில் 20,000 பாட் எடுத்தவருக்கு ஸ்டேட்மெண்டில் 20,220 பாட் என்று இருக்கும். 'நான் எடுக்காத 220 எப்படி வந்தது?' என்று எத்தனையோ பேர் எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். பணம் வெளியே வருவதற்கு முன் திரையில் அந்தக் கட்டணத்தைக் காட்டி, தொடரலாமா என்று கேட்டிருக்கும். துண்டுச் சீட்டிலும் அச்சாகியிருக்கும். சீட்டை யாரும் வைத்திருப்பதில்லை. கூட்டப்பட்டு வருவதால் இன்னொரு விளைவும் உண்டு: உங்கள் வங்கியின் நாணய மாற்று சதவீதம் அந்தக் கட்டணத்தின் மீதும் விழும். சிறிய தொகைதான், ஆனால் கணக்கு ஏன் ஒத்துவரவில்லை என்று குழம்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் விடை இதுவே.

இரண்டாவது, மூன்றாவது கைகள் உங்கள் வங்கியுடையவை. ஒரு தடவைக்கு இவ்வளவு என்று நிலையான தொகை ஒன்று. மாற்றிய தொகையில் இத்தனை சதவீதம் என்று மார்க்அப் ஒன்று. மார்க்அப் பல வங்கிகளில் 1 முதல் 3.5 சதவீதத்துக்குள் இருக்கும். உங்கள் வங்கியின் கட்டண அட்டவணையில் இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு பக்கத்தில் இருக்கும். 'சர்வதேசப் பணம் எடுப்பு' என்ற வரியைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். 'அந்நியச் செலாவணி மார்க்அப்' என்ற வரியையும் தேடிப் பாருங்கள். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று வெளிநாட்டு இயந்திரத்தில் பார்ப்பதற்கும், போதிய இருப்பு இல்லாமல் மறுக்கப்பட்ட முயற்சிக்கும்கூடச் சில வங்கிகள் கட்டணம் பிடிக்கின்றன. இருப்பைக் கைப்பேசிச் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பயணத்தையே வைத்துக் கணக்குப் போடுவோம். தாய்லாந்து வங்கிகளின் இயந்திரங்கள் வெளிநாட்டு அட்டைக்கு ஒரு தடவைக்கு 220 பாட் என்று பல ஆண்டுகளாகப் பிடித்து வந்தன. நீங்கள் போகும்போது அது கூடியிருந்தால் திரையிலேயே தெரியும். நூறு பாட் எடுத்தாலும் பத்தாயிரம் எடுத்தாலும் அதே தொகை. போன முறை செய்தது போல 2,000 பாட்டாகப் பத்து தடவை எடுத்தால் 2,200 பாட் கட்டணம், அதாவது 11 சதவீதம். ஒரே தடவையில் 20,000 தரும் இயந்திரத்தில் எடுத்தால் 220 பாட், 1.1 சதவீதம். உங்கள் வங்கியின் நிலையான கட்டணமும் பத்து தடவைக்குப் பதில் ஒரே தடவைதான். மார்க்அப் 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், முதல் வழியில் ஏறக்குறைய 666 பாட், இரண்டாவது வழியில் 607 பாட். பெரிய வித்தியாசம் இல்லை. நிலையான கட்டணத்தை எடுக்கும் தடவைகளைக் குறைத்தால்தான் வெல்ல முடியும். சதவீதக் கட்டணத்தை அட்டையை மாற்றினால்தான் வெல்ல முடியும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் நல்ல அட்டை வாங்கிய பிறகும் பணத்தை இழக்கிறார்கள்.

கையில் மொத்தமாகப் பணம் வைத்துக்கொள்ள உங்களுக்குத் தயக்கம் இருப்பது புரிகிறது. அந்தத் தயக்கம் நியாயமானது. திருட்டுப் போகும் 20,000 பாட்டுக்கு முன்னால் மிச்சம் பிடித்த கட்டணம் ஒன்றுமே இல்லை. பத்து நாளுக்கு இரண்டு அல்லது மூன்று தடவை, விடுதி அறையில் பெட்டகம் இருந்தால் பாதியை அதில் வைத்துவிட்டு, என்பது என் யோசனை. இதில் துல்லியமான சூத்திரம் கிடையாது.

இப்போது நான்காவது கை. துறையில் இதன் பெயர் டைனமிக் கரன்சி கன்வெர்ஷன், சுருக்கமாக டிசிசி. உங்கள் வங்கி செய்ய வேண்டிய நாணய மாற்றத்தை இயந்திரக்காரரே, தான் வைத்த விகிதத்தில் செய்துவிடுவது. ஒரு தடவை என் அக்காவுடன் ஐரோப்பாவில் ஒரு சுற்றுலாச் சதுக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சுவரோடு பதித்த, எந்த வங்கியோடும் ஒட்டாத இயந்திரம். அக்கா 200 யூரோ கேட்டார். திரையில் அவருடைய ஊர் நாணயத்திலேயே ஒரு தொகை வந்தது. மேலே 'உத்தரவாதமான விகிதம்' என்று எழுதியிருந்தது. வலது பக்கம் பெரிய பச்சைக் கட்டத்தில் 'மாற்றத்தை ஏற்கிறேன்'. இடது ஓரத்தில் சாம்பல் நிறத்தில், சின்ன எழுத்தில் 'மாற்றத்தை மறுக்கிறேன்'. அக்காவின் விரல் பச்சைக்கே போயிற்று. கையைப் பிடித்து நிறுத்தினேன். "மறுத்தால் பணமே வராதே?" என்றார். அவர் பயந்தது இயல்பு. அந்தத் திரையைப் பார்க்கும் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். கைப்பேசியில் அட்டை நிறுவனத்தின் அன்றைய விகிதத்தைப் போட்டுப் பார்த்தோம். இயந்திரம் காட்டிய தொகை நூற்றுக்கு ஏறக்குறைய 9 அதிகம். மறுத்தார். உடனே இன்னொரு திரை: 'விகிதம் மாறக்கூடும், உறுதியாகத் தொடர வேண்டுமா?' மாற்றம் வேண்டாம் என்றே தொடர்ந்தார். நான்கு ஐம்பது யூரோத் தாள்கள் வெளியே வந்தன.

இந்தக் காட்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றத்தை மறுப்பது பரிவர்த்தனையை மறுப்பது அல்ல. 'மாற்றம் இல்லாமல் தொடரவும்', 'உள்ளூர் நாணயத்தில்', 'மாற்றத்தை மறுக்கவும்' என்று வாசகம் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். கேள்வி எப்படி வந்தாலும் பதில் ஒன்றுதான்: தாய்லாந்தில் பாட், யூரோ நாட்டில் யூரோ. உங்கள் ஊர் நாணயத்தில் தொகை தெரிந்தால் அங்கேயே விரலை நிறுத்துங்கள். டிசிசியில் 5, 8, சில இடங்களில் 12 சதவீதத்தையும் தாண்டிய வித்தியாசத்தை ஸ்டேட்மெண்டுகளில் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல், ஏற்கெனவே ஊர் நாணயத்துக்கு மாறி வந்த தொகையின் மீதும், பரிவர்த்தனை வெளிநாட்டில் நடந்தது என்பதற்காக மார்க்அப் போடும் வங்கிகள் உண்டு. ஒரே பணத்துக்கு இரண்டு இடத்தில் மாற்றுக் கட்டணம்.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்குச் சட்டம் போட்டிருக்கிறது. 2019இல் இயற்றப்பட்ட விதியின்படி, 2020 ஏப்ரல் 19 முதல், இயந்திரக்காரர் வைக்கும் விகிதம் ஐரோப்பிய மத்திய வங்கியின் குறிப்பு விகிதத்தைவிட எத்தனை சதவீதம் அதிகம் என்பதைத் திரையில் காட்ட வேண்டும். அந்த எண் பெரிய எழுத்தில் இருக்காது, ஆனால் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். நீங்கள் யூரோ நாட்டில் இருக்கும் ஒன்பது நாளில் ஒரு தடவையாவது அதைத் தேடிப் படியுங்கள். அந்த எண்ணைக் கண்ணால் பார்த்தவர்கள் அடுத்த தடவை பச்சைப் பொத்தானை அமுக்குவதில்லை. யூரோவிலேயே கணக்கு வைத்திருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: 2002 ஜூலையிலிருந்து, இன்னொரு யூரோ நாட்டில் யூரோ எடுப்பதற்கு உங்கள் வங்கி உள்நாட்டில் பிடிப்பதைவிட அதிகம் பிடிக்கக் கூடாது.

கடையில் அட்டையைத் தேய்க்கும்போதும் இதே டிசிசி வரும். அங்கே ஆபத்து வேறு விதம். விற்பனையாளர் உங்களைக் கேட்காமலே ஊர் நாணயத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, 'கையெழுத்துப் போடுங்கள்' என்று சீட்டை நீட்டிவிடுவார். விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதிகளும் தேர்வு வாடிக்கையாளருடையது என்றே சொல்கின்றன. கேட்காமல் மாற்றியிருந்தால் அந்த இடத்திலேயே ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். மறுத்தால் சீட்டைப் பத்திரப்படுத்தி உங்கள் வங்கியில் புகார் கொடுங்கள், அதற்கு வழி இருக்கிறது. ஏடிஎம்மில் நீங்களே 'ஏற்கிறேன்' என்று அமுக்கியிருந்தால் வழி இல்லை. அப்படி அமுக்கிவிட்டு வந்தவர்களுக்கு என்னால் ஒரு பைசாகூட மீட்டுத் தர முடிந்ததில்லை. அந்தக் கடிதங்களுக்குப் பதில் எழுதிய நாட்கள்தான் இப்போது உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுத வைக்கின்றன.

இனி நீங்கள் கேட்ட அட்டை. 'கட்டணமே இல்லாத அட்டை' என்று விளம்பரம் வந்தால், நான்கில் எந்தக் கையை அது கட்டிப்போடுகிறது என்று கேளுங்கள். பெரும்பாலானவை உங்கள் வங்கியின் இரண்டு கைகளை மட்டும்தான் விலக்கும்; இயந்திரக்காரரின் கட்டணம் அப்படியே நிற்கும். அதையும் திருப்பித் தரும் அட்டைகள் அரிது. அமெரிக்காவில் சார்லஸ் ஷ்வாப் வங்கியின் டெபிட் அட்டை அதற்குப் பெயர் பெற்றது, ஆனால் அது அந்த நாட்டில் கணக்கு வைத்திருப்பவர்களுக்குத்தான். வைஸ், ரெவலூட் போன்ற நிறுவனங்களின் அட்டைகளில் மாதத்துக்கு ஒரு வரம்பு வரை பணம் எடுப்பது இலவசம், அதற்கு மேல் சதவீதம் உண்டு. ரெவலூட்டின் சாதாரணத் திட்டத்தில் வார இறுதியில் நாணயம் மாற்றினால் கூடுதல் கட்டணமும் உண்டு. முன்கூட்டியே பணம் நிரப்பிக்கொள்ளும் பயண அட்டையில் விகிதம் நிரப்பும் அன்றே உறுதியாகிவிடும் என்பது ஆறுதல். ஆனால் யூரோ நிரப்பிய அட்டையைத் தாய்லாந்தில் போட்டால் யூரோவிலிருந்து பாட்டுக்கு மாற்றுவதற்குத் தனிக் கட்டணம் வரும். எந்த நாணயங்களை அது ஏற்கும் என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். உங்கள் வங்கியிடம் இன்னொன்றும் கேளுங்கள்: நீங்கள் போகும் நாடுகளில் அதற்குக் கிளையோ கூட்டாளி வங்கியோ இருக்கிறதா? இருந்தால் இயந்திரக் கட்டணத்தையே தள்ளுபடி செய்யும் ஏற்பாடு சில இடங்களில் உண்டு.

கிரெடிட் அட்டையில் பணம் எடுக்காதீர்கள். பொருள் வாங்கும்போது கிடைக்கும் வட்டியில்லாத நாட்கள் பணம் எடுப்பதற்குக் கிடைக்காது. பெரும்பாலான அட்டைகளில் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும், ரொக்கம் எடுத்ததற்கான முன்பணக் கட்டணம் தனி. கடையில் தேய்ப்பதற்கு மார்க்அப் இல்லாத கிரெடிட் அட்டை, ஏடிஎம்முக்கு டெபிட் அட்டை என்று பிரித்துக்கொள்ளுங்கள். அட்டை செல்லும் இடத்தில் அட்டையிலேயே கொடுத்தால் ரொக்கத் தேவையும் குறையும், அதோடு நிலையான கட்டணமும் குறையும்.

புறப்படும் முன் செய்ய வேண்டிய சில வேலைகள் கட்டணத்தோடு நேரடியாகச் சம்பந்தப்படாதவை போலத் தோன்றும். ஆனால் அவற்றைச் செய்யாதவர்கள்தான் நள்ளிரவில், கிடைத்த ஒரே இயந்திரத்தில், கேட்ட விகிதத்துக்கெல்லாம் தலையாட்ட வேண்டியிருக்கிறது. வெளிநாட்டுப் பயன்பாடு உங்கள் அட்டையில் திறந்திருக்கிறதா என்று செயலியில் பாருங்கள். பல வங்கிகள் அதை மூடியே வைத்திருக்கும். ஒரு நாளில் எடுக்கக்கூடிய உச்ச வரம்பை உயர்த்திவிடுங்கள், இல்லையென்றால் 'ஒரே தடவை பெரிய தொகை' என்ற திட்டமே நடக்காது. ரகசிய எண் நான்கு இலக்கமாக இருப்பது நல்லது. ஆறு இலக்கத்தை ஏற்காத இயந்திரங்கள் இன்னும் இருக்கின்றன. எண்ணை ஒரு சொல்லாக மனத்தில் வைத்திருப்பவர்கள் அதை எண்ணாகவே ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொள்ளட்டும், எழுத்து அச்சிடாத விசைப்பலகைகள் நிறைய. பல அட்டைகளின் பின்புறம் பிளஸ் அல்லது சிரஸ் என்ற முத்திரை இருக்கும். முதலாவது விசாவுடையது, இரண்டாவது மாஸ்டர்கார்டுடையது. அதே முத்திரை உள்ள இயந்திரத்தில் உங்கள் அட்டை வேலை செய்யும். இரண்டாவது அட்டை ஒன்று வேறு பையில் இருக்கட்டும்.

இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வங்கிக் கிளையோடு ஒட்டியதையே, கிளை திறந்திருக்கும் நேரத்தில் பயன்படுத்துங்கள். அட்டை சிக்கினால் உள்ளே போய்க் கேட்கலாம். யூரோ நாடுகளில் பல வங்கி இயந்திரங்கள் வெளிநாட்டு அட்டைக்குக் கட்டணமே பிடிப்பதில்லை. ஸ்பெயின் போன்ற நாடுகளில் பிடிப்பது வழக்கம். கட்டணம் அதிகம் என்று தோன்றினால் ரத்து செய்துவிட்டு அடுத்த வங்கியில் பாருங்கள். பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால் சீட்டையோ, இயந்திரத்தின் மேல் எழுதியிருக்கும் எண்ணையோ படம் எடுத்துக்கொண்டு உங்கள் சொந்த வங்கிக்கு அன்றே தெரிவியுங்கள். அங்கே உள்ள வங்கியோடு மல்லுக்கு நிற்பதால் பயன் இல்லை, திருப்பித் தரக் கோருவது உங்கள் வங்கி வழியாகத்தான்.

நான் இதுவரை சொன்னதில் எது உறுதி, எது அப்படி இல்லை என்றும் சொல்லிவிடுகிறேன். டிசிசியை மறுப்பது, தடவைகளைக் குறைப்பது, கிரெடிட் அட்டையில் பணம் எடுப்பதைத் தவிர்ப்பது, இந்த மூன்றும் எந்த நாட்டுக்கும் பொருந்தும், எனக்கு ஐயமே இல்லை. விமான நிலைய இயந்திரம் எப்போதும் மோசம் என்று பரவலாகச் சொல்வது அப்படி அல்ல. அங்கே இருக்கும் நாணய மாற்றுக் கவுன்டரின் விகிதம் மோசமாக இருப்பதைத்தான் பலர் இயந்திரத்தின் மேலும் ஏற்றிவிடுகிறார்கள். முறையான வங்கியின் இயந்திரம் விமான நிலையத்தில் இருந்தாலும் ஊருக்குள் இருப்பதைப் போலவே கட்டணம் பிடிக்கக்கூடும். அறிவிப்புத் திரையைப் படித்து முடிவு செய்யுங்கள். விசா நல்லதா, மாஸ்டர்கார்டு நல்லதா என்ற விவாதத்தில் நேரம் செலவிடாதீர்கள். இரண்டும் தங்கள் அன்றைய விகிதத்தை இணையத்தில் வெளியிடுகின்றன. ஒரு நாள் இது சற்று மலிவு, இன்னொரு நாள் அது. எந்த நாளில் எடுத்தால் விகிதம் சாதகமாக இருக்கும் என்று காத்திருப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன், அதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. உங்கள் வங்கியின் கட்டணத்தை மட்டும் நான் இங்கிருந்து சொல்ல இயலாது. அட்டைக்கு அட்டை மாறும் அதை அவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, அந்த இரண்டு நாள் நாடு. அங்கே ஏடிஎம் பக்கமே போகாமல் இருக்க முடியுமா என்று பாருங்கள். இரண்டு நாளுக்காக ஒரு தடவை எடுத்தாலும் நிலையான கட்டணம் இரண்டும் முழுதாகப் போகும், செலவழியாத தாள்களைத் திருப்பி மாற்றும்போது மறுபடியும் இழப்பு, நாணயக் காசுகளை மாற்றுக் கவுன்டரில் பெரும்பாலும் வாங்கவே மாட்டார்கள். விடுதிக் கட்டணத்தை முன்பே செலுத்திவிட்டு, சாப்பாட்டுக்கும் வண்டிக்கும் அட்டையையே பயன்படுத்துங்கள். அவசரத்துக்கு என்று யூரோத் தாள்கள் கொஞ்சம் கையில் இருந்தால் போதும். அவற்றைச் செலவழிக்கத் தேவை வராவிட்டால் அடுத்த ஒன்பது நாளுக்கு அவையே ஆகும்.